வளைவை உப்புத்தாள் சரிசெய்யாது, தம்பி

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தாத்தா உட்கார்ந்த பழைய கை வைத்த நாற்காலியைப் பார்த்து, அதே அளவில் தேக்கில் ஒன்று செய்துகொண்டிருக்கிறார், சனி ஞாயிறு வேலையாக. கைகள் இரண்டும் பின்கால்கள் இரண்டும் வளைவு. ஜிக்சாவில் அறுத்து, கை கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் என்கிற உப்புத்தாள் வட்டை மாட்டித் தேய்த்து, அப்புறம் ஆர்பிட்டல் சாண்டர் என்கிற தேய்ப்பு மெஷினில் 80, 120, 220 நம்பர் உப்புத்தாளை வரிசையாகப் போட்டு, கிளாஸ் பியு, அதாவது பளபளப்பான பாலியூரிதேன் பாலிஷ், அடித்திருக்கிறார். அவர் வார்த்தையிலேயே: "அடிக்கிற வரைக்கும் வழவழன்னு இருந்துச்சுண்ணா, அடிச்சு முடிச்சுப் பாத்தா ஆத்துத் தண்ணி மாதிரி அலை அலையா தெரியுது. உள்வளைவுல ஒரு இடம் எத்தனை தேய்ச்சாலும் சொரசொரன்னே நிக்குது. எடது கையும் வலது கையும் அண்ணன் தம்பி மாதிரி இல்ல, பங்காளிங்க மாதிரி இருக்கு. ஸ்பிண்டில் சாண்டர் வாங்கட்டுமா, பெல்ட் சாண்டர் வாங்கட்டுமா?" கடைசியில், பிரம்பு பின்னுவதற்குப் போடுகிற துளை பற்றியும் ஒரு வரி.

தம்பி, இரண்டும் வேண்டாம். காசை வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இல்லாதது மெஷின் இல்லை, நடுவில் ஒரு வேலையே விட்டுப்போயிருக்கிறது. அறுத்தீர்கள், உடனே தேய்க்கப் போய்விட்டீர்கள். வளைவைச் சரிபார்த்துச் சீவுகிற வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, நாற்காலி வேலையில் பாதி நேரம் அங்கேதான் போகும்.

அலை எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இழைப்புளியை நினைத்துப்பாருங்கள். அதன் அடிப்பாகம் மரத்தின் மேல் உட்கார்ந்து போகிறது, கத்தி நூலளவுதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் மேடு இருக்கிற இடத்தில் சீவல் வரும், பள்ளம் இருக்கிற இடத்தில் கத்தி மரத்தைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். நாலு தடவை ஓட்டினால் மேடு தானாக இறங்கி, பள்ளத்தோடு சமமாகிவிடும். கிரைண்டருக்கு அப்படி ஒரு அடிப்பாகம் கிடையாது. வட்டு எங்கே பட்டதோ அங்கே தின்னும், கை ஒரு நொடி அங்கேயே நின்றால் ஒரு குழி. அப்புறம் சாண்டர் வருகிறது, அதன் அடியில் இருப்பது பஞ்சு மாதிரி மெத்தை. மேட்டிலும் ஏறும், பள்ளத்திலும் இறங்கும், இரண்டையும் ஒரே மாதிரி வழவழப்பாக்கும். நீங்கள் 220 வரை போனது வீணில்லை, வழவழப்பான அலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். விரல் நுனியால் தடவும்போது வழவழப்பு மட்டும் தெரியும். கிளாஸ் அடித்ததும் மரம் கண்ணாடி மாதிரி ஆகி, டியூப்லைட் வெளிச்சக் கோடு அதன் மேல் நெளிந்து காட்டிக்கொடுத்துவிட்டது. பியு மேல் தப்பில்லை.

இதற்கும் முன்னால் ஒரு தப்பு இருக்கும், பார்த்துவிடுங்கள். ஜிக்சா பிளேடு மேலே மட்டும்தான் பிடிபட்டிருக்கிறது, கீழ்முனை சும்மா தொங்குகிறது. 40 மி.மீ. தடிமன் தேக்கில் வளைவு திரும்பும்போது கீழ்முனை தன்னிஷ்டத்துக்கு வெளியே போகும். மேல்பக்கம் கோட்டின் மேலேயே அறுத்திருப்பீர்கள், திருப்பிப் பார்த்தால் கீழ்ப்பக்கம் 2, 3 மி.மீ. தள்ளியிருக்கும். மூலைமட்டத்தை வளைவின் நாலைந்து இடங்களில் வைத்துப் பாருங்கள். மட்டமில்லாத முகத்தின் மேல் எத்தனை நேரம் வேலை செய்தாலும் வளைவு முறுக்கிக்கொண்டுதான் நிற்கும். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுத்து, கோட்டுக்குக் கையால் வந்து சேர்வதுதான் பழக்கம். பக்கத்தில் பேண்ட்சா (நாடா மாதிரி பிளேடு சுற்றி ஓடுகிற அறுப்பு மெஷின்) வைத்திருக்கிற மரக்கடை இருந்தால் அங்கே கொடுத்து அறுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இனி முக்கியமான விஷயம். விளிம்புகளை உருட்டுவதற்கு முன்னால், மரம் சதுரமாக இருக்கும்போதே வளைவை முடித்துவிட வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். கையில் எடுத்ததும் விளிம்பை மழுக்கி உருட்டிவிட ஆசை வரும், நாற்காலிக் கை மாதிரி சீக்கிரம் தெரியும் இல்லையா. ஆனால் சதுரமாக இருக்கிறவரை இரண்டு முகமும் சேருகிற விளிம்பு ஒரு கோடாக நிற்கிறது, அந்தக் கோடு நெளிந்தால் கண் உடனே பிடித்துவிடும். உருட்டிய பிறகு கோடே இல்லை, எதைப் பார்த்துச் சரிசெய்வது?

பார்ப்பதற்கு மூன்று வழி வைத்திருக்கிறேன். ஒன்று, மரத்தை ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்ப்பது, நூல் பிடித்த மாதிரி. இன்னொன்று 30 செ.மீ. எஃகு ஸ்கேல், நன்றாக வளையும் மெல்லியது. அதை வளைவின் மேல் அழுத்தி வளைத்துப் பிடித்துப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டால், எங்கே இடைவெளி தெரிகிறதோ அது பள்ளம். பள்ளத்தில் கை வைக்காதீர்கள், அதன் இரண்டு பக்கத்து மேட்டில் பென்சிலால் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் போகிறவரை மட்டும் சீவுங்கள். மூன்றாவது உள்ளங்கை. விரல் நுனி சொரசொரப்பைத்தான் சொல்லும், மேடு பள்ளத்தைச் சொல்வது உள்ளங்கைதான். கண்ணை மூடிக்கொண்டு, கையை முழுசாக வைத்து, நீளத்துக்கும் ஒரே வேகத்தில் இழுத்துப் பாருங்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஆசாரி கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியாமலேதான் வேலை பார்த்தார். நாங்கள் சீவி முடித்ததை வாங்கி ஒரு இழுப்பு இழுப்பார், "இங்க ஒருத்தன் படுத்துருக்கான்" என்று திருப்பிக் கொடுப்பார். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அரை மி.மீ. மேடு இருக்கும்.

சீவுவதற்கு என்ன வேண்டும்? ஸ்போக்ஷேவ் ஒன்று வாங்குங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த குட்டி இழைப்புளிதான் அது, அடிப்பாகம் மிகச் சின்னது, அதனால் வளைவில் இறங்கி ஏறும், ஆனாலும் அடிப்பாகம் என்று ஒன்று இருப்பதால் மேட்டை மட்டும் எடுக்கும். வெளிவளைவுக்கு அடி தட்டையானது போதும். உள்வளைவுக்கு அடி உருண்டது வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தட்டையை வாங்கிக்கொண்டு, உள்வளைவை அரைவட்ட மர அரத்தில் ராவிக்கொள்ளுங்கள். வாங்கின கையோடு கத்தியைத் தீட்டாமல் ஓட்டிவிட்டு, தடதடவென்று குதிக்கிறது என்று எனக்கு எழுத வேண்டாம். புதுக் கத்தி எதுவும் கடையிலிருந்து வேலைக்குத் தயாராக வருவதில்லை. அதிலும் தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது, மணலில் இருக்கிற அதே சரக்கு, கத்தியின் கூர்மையைத் தின்றுவிடும். வேப்பமரத்தில் ஒரு நாள் தாங்குகிற கூர் தேக்கில் மத்தியானத்துக்குள் போய்விடும். சீவல் வருவது நின்று தூளாக வர ஆரம்பித்தால் சாணைக்கல்லை எடுங்கள்.

அரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேராக முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள், தள்ளும்போது மட்டும்தான் அதன் பல் வெட்டும். வளைவின் நீளத்தோடு சாய்வாக, தள்ளிக்கொண்டே பக்கவாட்டிலும் நகர்த்தி ராவுங்கள். கொஞ்ச நேரம் இடமிருந்து சாய்வு, அப்புறம் வலமிருந்து சாய்வு. முதல் சாய்வு விட்ட கோடுகளை இரண்டாவது சாய்வு வெட்டும்போது மேடுகள் தனியாக மினுங்கிக் காட்டும்.

இப்போது அந்தச் சொரசொரப்பான இடம். அதை நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன், உள்வளைவின் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பக்கமாக இருக்கும். பலகையில் நார் நேராக ஓடுகிறது, நீங்கள்தான் அதைக் குறுக்கே வளைத்து அறுத்திருக்கிறீர்கள். அதனால் வளைவின் ஒரு பாதியில் நார் உங்களோடு வரும், மறுபாதியில் உங்களை எதிர்த்து நிற்கும். மாட்டின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் மயிர் படியும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் சிலிர்க்கும். அதேதான். உள்வளைவில் இரண்டு முனையிலிருந்தும் நடுப்பள்ளத்தை நோக்கி இறங்குங்கள். வெளிவளைவில் நடு உச்சியிலிருந்து இரண்டு முனையையும் நோக்கி இறங்குங்கள். எப்போதும் இறக்கம்தான், ஏற்றம் ஏறாதீர்கள். பள்ளத்தின் அடியில் இரண்டு ஓட்டமும் சந்திக்கிற அந்த ஒரு விரல் அகலம் இருக்கிறதே, அங்கே எந்தப் பக்கம் போனாலும் நார் எதிர்க்கும். ஸ்போக்ஷேவை அதற்குச் சற்று முன்னாலேயே தூக்கிவிட்டு, அந்த இடத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

சுரண்டுவதற்கு உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு போதும். நம் ஊர்ப் பட்டறைகளில் காலங்காலமாக இருக்கிற ஆயுதம், கூர் போனால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த துண்டு. உடைந்த விளிம்பே லேசாக வளைந்திருந்தால் உள்வளைவுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உட்காரும். துணி சுற்றிப் பிடியுங்கள், குழந்தைகள் வருகிற இடமென்றால் துண்டுகளை எண்ணி வையுங்கள். கண்ணாடி பயமாக இருந்தால் பழைய கைரம்பத்தை வெட்டி ஒரு தகடு செய்துகொள்ளலாம், விளிம்பை ராவி மட்டமாக்கி, ஒரு ஸ்க்ரூடிரைவர் தண்டால் அழுத்தித் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி எழும். அந்தக் கொக்கிதான் வெட்டுகிறது. தூள் வராமல் பூப்போலச் சீவல் வந்தால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

சதுரத்தில் வளைவு சுத்தமானதும் உருட்டலுக்கு வாருங்கள். கண் மதிப்பில் உருட்டாமல் கோடு போடுங்கள். 30 மி.மீ. சதுரம் என்றால் ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் இரண்டு முகத்திலும் கிட்டத்தட்ட 9 மி.மீ. உள்ளே தள்ளிப் பென்சில் கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற மூலையைச் சீவி எடுத்தால் எட்டுப் பட்டை வரும். அளவு வேறு என்றால் அகலத்தை 0.29ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். எட்டுப் பட்டையின் ஒவ்வொரு விளிம்பும் மறுபடி ஒரு கோடு, அது நெளியாமல் ஓடுகிறதா என்று மறுபடி பார்க்கலாம். அப்புறம் எட்டைப் பதினாறாக்கி, பதினாறைச் சுரண்டினால் உருண்டை. நாற்காலிக் கை முழு உருண்டையாக இருக்கத் தேவையில்லை, மேலே உள்ளங்கை படுகிற இடம் தட்டையாகவும் விரல் மடங்குகிற கீழ்ப்பக்கம் உருண்டையாகவும் இருந்தால்தான் சுகம். தாத்தா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.

உப்புத்தாள் இப்போதுதான். இந்த அளவுக்கு வந்துவிட்டால் 80 தேவையே படாது, 120இல் ஆரம்பித்து 180, 220 போதும். கையால், அடியில் ஏதாவது கட்டை வைத்து. உள்வளைவுக்கு ஒரு பிவிசி பைப் துண்டில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், வளைவைவிடக் கொஞ்சம் சின்ன வட்டமாக இருக்க வேண்டும். உருட்டின இடத்துக்குப் பழைய ஹவாய்ச் செருப்பின் அடியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல சாமானை நான் கடையில் பார்த்ததில்லை, வளையும், ஆனால் பஞ்சு மாதிரி அமுங்காது. தாளைப் பட்டையாகக் கிழித்து ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு கையாலும் இழுக்கிறார்களே, அது முழு உருண்டைக்கு மட்டும் சரி, அதுவும் ஒரே இடத்தில் நிற்காமல். தட்டையான முகத்தில் அப்படி இழுத்தால் விளிம்பு போய்விடும். 180 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. நார் சிலிர்த்து எழும். நன்றாகக் காய்ந்த பிறகு 220 லேசாக. அப்புறம் பாலிஷ் போடும்போது மறுபடி எழாது.

பாலிஷுக்கு முன்னால் ராத்திரி பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மரத்துக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். டர்பெண்டைன் தொட்ட துணியால் துடைத்து ஈரமாக இருக்கும்போது பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும், பியு அடித்த பிறகு என்ன தெரியுமோ அது முன்கூட்டியே தெரிந்துவிடும். அடித்த பிறகு அழுவதைவிட இது மலிவு. அப்புறம் என்னைக் கேட்டால் நாற்காலிக் கைக்கு கிளாஸே வேண்டாம், பளபளப்பில்லாத மேட் பாலிஷ் போதும், எண்ணெய் போட்டால் இன்னும் நல்லது. லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் போட்டால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

இடது வலது பங்காளிச் சண்டைக்கு வருவோம். இரண்டையும் தனித்தனியாகச் செய்ததுதான் காரணம். 6 மி.மீ. பிளைவுட்டில் ஒரு அச்சு வெட்டி, அந்த அச்சின் வளைவை முதலில் சுத்தமாக முடித்துவிடுங்கள், ஒரே அச்சைத் திருப்பிப் போட்டு இரண்டுக்கும் வரைந்துகொள்ளுங்கள். அறுத்த பிறகு இரண்டு துண்டையும் ஒட்டினாற்போல் கிளாம்பில் இறுக்கி, ஒரே மரம் மாதிரி சேர்த்துச் சீவுங்கள். உருட்டும் கட்டத்தில்தான் பிரிக்க வேண்டும், அப்போதும் இதில் பத்து இழுப்பு என்றால் அதில் பத்து இழுப்பு, ஒன்றை முழுசாக முடித்துவிட்டு மற்றதைத் தொடாதீர்கள். அதற்காக ரொம்பவும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கையும் அரை மீட்டர் தள்ளி இருக்கின்றன, வளைவில் 2 மி.மீ. வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. உட்கார்ந்து இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கும்போது தடிமன் வித்தியாசம் தெரியும், அதை மட்டும் சமமாக்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் கையின் முன்பக்கம், கீழே சுருண்டு இறங்குகிற இடத்தில், கழுத்து 22 மி.மீ.தான் இருக்கிறது, நார் அங்கே குறுக்கே ஓடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நார் நீளத்துக்கு ஓடினால் மரம் கயிறு மாதிரி, குறுக்கே ஓடினால் பிஸ்கட் மாதிரி. சின்ன வயதில் இதே மாதிரி ஒரு கை செய்து கொடுத்தேன், பார்க்க அவ்வளவு அழகு. அந்த வீட்டுப் பெரியவர் அதைப் பிடித்து ஊன்றி எழுந்தபோது கழுத்தில் டக்கென்று போய்விட்டது. நல்லவேளை அவர் விழவில்லை. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் செய்த வட்ட நாற்காலியைப் பாருங்கள், முதுகும் இரண்டு கைகளும் ஒரே வளைவாகச் சுற்றி வரும், ஆனால் அது ஒரே மரமில்லை, மூன்று துண்டு. ஒரே பலகையில் அறுத்தால் இப்படித்தான் குறுக்கு நார் வந்து உடையும் என்பதால் துண்டுகளைக் கோத்து நாரை வளைவோடு ஓட விட்டிருக்கிறார். ஆஸ்திரியாவில் நாற்காலித் தொழிற்சாலை நடத்திய மிக்கேல் தோனெட் வேறு வழியில் போனார், பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்தார், அப்போது நாரே வளைந்துவிடுகிறது. 1859இல் வந்த அவருடைய 14ஆம் நம்பர் நாற்காலி அப்படித்தான். தேக்கை வீட்டில் ஆவி கட்டி வளைக்கப் போகாதீர்கள், அதற்கு அது ஏற்ற மரமில்லை. உங்களுக்கு எளிய வழி, அச்சைப் பலகை மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், கழுத்துப் பகுதியில் நார் முடிந்தவரை நீளத்தோடு ஓடும்படி. பலகையிலேயே லேசான வளைந்த ரேகை இருக்கிற இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கழுத்தை 30 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள்.

அதனால் அந்தக் கைகளை மறுபடி செய்துவிடுங்கள். பின்கால்களை மட்டும் காப்பாற்றலாம். பியுவைச் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்கேல் வைத்துப் பாருங்கள், பள்ளம் ஒரு மி.மீ.க்குள் இருந்தால் மேடுகளை இறக்கிச் சமமாக்கிவிடலாம். சட்டங்களின் கழுந்து (துளைக்குள் நுழைகிற நாக்கு) இறங்குகிற இடத்தில் மட்டும் கத்தி படக்கூடாது, அங்கே அரை மி.மீ. போனாலும் மூட்டு வாய் திறந்துகொள்ளும். புதுக் கை செய்யும்போதும் மூட்டு வருகிற முனையைச் சதுரமாகவே விட்டு, பொருத்திப் பார்த்து, பசை போட்டு இறுக்கிய பிறகு காலும் கையும் சேருகிற இடத்தை அரத்தால் ஒன்றோடொன்று கலந்து விடுங்கள்.

மாஸ்க் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போடுங்கள், என்95. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், மூச்சு இழுக்க வைக்கும், மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. ஸ்போக்ஷேவில் சீவல் தரையில் விழும், சாண்டரில் தூள் நெஞ்சுக்குப் போகும். மெஷின் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரம்புத் துளையைச் சட்டம் பூட்டுவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள், பாலிஷுக்கும் முன்னால். 3 மி.மீ. பிரம்பு என்றால் துளை 6 மி.மீ., ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த மையத்துக்கு 19 மி.மீ. துளையின் வாயை மேலேயும் கீழேயும் லேசாக மழுக்கிவிடுங்கள், கூர்மையாக விட்டால் இழுத்துப் பின்னும்போது பிரம்பு அங்கேயே அறுபடும். புதுக் கை சதுரத்தில் முடிந்ததும், உருட்டுவதற்கு முன்னால், டார்ச் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.